போரே இல்லை... ஆனாலும் கடற்படையில் ஏன் இத்தனை உயிரிழப்பு? குர்ஸ்க் முதல் சிந்துரக்ஷக் வரை

ஆகஸ்ட் மாதத்தில் அடுத்தடுத்து இரண்டு நினைவு நாட்கள். 2025 ஆகஸ்ட் 12-ம் தேதியுடன், ரஷ்யாவின் 'குர்ஸ்க்' நீர்மூழ்கி 118 பேருடன் பேரன்ட்ஸ் கடலில் மூழ்கி 25 ஆண்டுகள் ஆயின. அதே 2025 ஆகஸ்ட் 14-ம் தேதியுடன், நம்ம ஐஎன்எஸ் சிந்துரக்ஷக் மும்பையில் வெடித்து 18 பேர் இறந்து 12 ஆண்டுகள். இரண்டுமே போரில் நடக்கவில்லை. எதிரி யாரும் சுடவில்லை. சிந்துரக்ஷக் கடலுக்குள்கூட இல்லை, கரையில் கட்டி நிறுத்தப்பட்டிருந்தது.

கடற்படைன்னாலே நமக்கு ஞாபகம் வருவது போர்தான். 1971 டிசம்பர் 9-ம் தேதி டையூ அருகே பாகிஸ்தானின் ஹங்கோர் நீர்மூழ்கி தாக்கி ஐஎன்எஸ் குக்ரி மூழ்கியது. கேப்டன் மகேந்திர நாத் முல்லா உட்பட 194 பேர் இறந்தார்கள். இந்தியக் கடற்படையின் மிகப்பெரிய ஒற்றை இழப்பு இன்றுவரை அதுதான். ஆனால் அதற்குப் பிறகு போரில் நாம் ஒரு கப்பலைக்கூட இழக்கவில்லை. அதன் பின் போனதெல்லாம் தீ, வெடிப்பு, மோதல், கடல்நீர் உள்ளே புகுந்தது ஆகியவற்றால்தான்.

அப்போ, குண்டு எதுவும் விழாத நாளில் ஒரு போர்க்கப்பல் எப்படிச் சாகிறது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

சிந்துரக்ஷக்: அந்த நள்ளிரவில் நடந்தது என்ன?

2013 ஆகஸ்ட் 14. சுதந்திர தினத்துக்கு முந்தைய நாள். நள்ளிரவு தாண்டி கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். மும்பை கடற்படைத் தளத்தில் நின்றிருந்த சிந்துரக்ஷக்கில் அடுத்தடுத்து வெடிப்புகள். தீப்பிழம்பை நகரத்தின் தென் பகுதியில் இருந்தவர்கள் பலர் பார்த்தார்கள், செல்போனில் படமும் எடுத்தார்கள். டார்பிடோ, ஏவுகணை எல்லாம் ஏற்றி, சில மணி நேரத்தில் கடலுக்குக் கிளம்பத் தயாராக இருந்த நீர்மூழ்கி அது. வெடித்தது முன்பகுதி, அதாவது ஆயுதங்கள் இருந்த இடம். பக்கத்திலேயே நின்ற சிந்துகோஷ் லேசான சேதத்துடன் தப்பியது. அது தப்பியதே பெரிய விஷயம்.

உள்ளே இருந்தவர்கள் 18 பேர். 3 அதிகாரிகள், 15 மாலுமிகள். ஒருவர்கூட உயிருடன் வரவில்லை. முக்குளிப்பவர்கள் உள்ளே போக முயன்றபோது இருட்டு, எண்ணெய், சேறு, வெப்பத்தில் உருகி வளைந்த இரும்பு. கிடைத்த உடல்களை டிஎன்ஏ சோதனை செய்துதான் அடையாளம் காண வேண்டியிருந்தது.

இதில் மனதை உறுத்துவது, இது சிந்துரக்ஷக்கின் முதல் விபத்து இல்லை என்பதுதான். 2010 பிப்ரவரியில் விசாகப்பட்டினத்தில் இதே நீர்மூழ்கியில் தீப்பிடித்து ஒரு மாலுமி இறந்தார். காரணம், பாட்டரியிலிருந்து கசிந்த ஹைட்ரஜன். அதன் பிறகுதான் ரஷ்யாவுக்கு அனுப்பி, செவரோத்வின்ஸ்க் நகரில் இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் வைத்து முழுமையாகப் புதுப்பித்தார்கள். திரும்பி வந்து சில மாதம்தான். அதற்குள் இப்படி.

பாட்டரிதான் வில்லனா?

இந்த இடத்தில் கொஞ்சம் அறிவியல் பேசியாக வேண்டும். டீசல்-மின்சார நீர்மூழ்கி நீருக்கு அடியில் டீசல் என்ஜினை ஓட்ட முடியாது, காற்று வேண்டுமே. அதனால் பாட்டரியில் ஓடும். நம் வீட்டு இன்வர்ட்டரில் இருக்கும் அதே ஈய-அமில பாட்டரிதான், ஆனால் அளவு வேறு. கிலோ ரகத்தில் ஒரு நீர்மூழ்கிக்கு 240 செல்கள், ஒவ்வொன்றும் பல நூறு கிலோ எடை. சார்ஜ் ஏறும்போது அவற்றிலிருந்து ஹைட்ரஜன் வரும். வீட்டு இன்வர்ட்டர் பாட்டரியை காற்றோட்டமான இடத்தில் வைக்கச் சொல்வது இதனால்தான். மூடிய இரும்புக் குழாய்க்குள் ஹைட்ரஜன் 4 சதவீதத்தைத் தாண்டினால், ஒரு சின்ன தீப்பொறி போதும்.

பிரச்சனை ஹைட்ரஜன் மட்டும் இல்லை. 2017 நவம்பர் 15-ம் தேதி அர்ஜென்டினாவின் சான் ஹுவான் நீர்மூழ்கியிடமிருந்து கடைசித் தகவல் வந்தது. காற்று இழுக்கும் குழாய் வழியாகக் கடல்நீர் புகுந்து, பாட்டரியில் ஷார்ட் சர்க்யூட் என்பதுதான் அந்தத் தகவல். பிறகு மௌனம். 44 பேர். ஒரு வருஷம் தேடிய பிறகுதான், சுமார் 900 மீட்டர் ஆழத்தில் சிதைந்து கிடந்ததைக் கண்டுபிடித்தார்கள்.

நம்ம பக்கம் சிந்துரக்ஷக் விபத்து நடந்து ஆறே மாதத்தில் சிந்துரத்னா. 2014 பிப்ரவரி 26, மும்பை கடற்பகுதியில் பயிற்சி ஓட்டத்தில் இருந்தபோது பாட்டரிகள் இருந்த மூன்றாவது அறைப் பகுதியில் புகை. புகையும் தீயும் மற்ற அறைகளுக்குப் பரவாமல் இருக்க அந்தப் பகுதியை மூடியே ஆக வேண்டும். மூடப்பட்டது. லெப்டினன்ட் கமாண்டர் கபிஷ் முவால், லெப்டினன்ட் மனோரஞ்சன் குமார் இருவரும் உள்ளேயே இறந்தார்கள். புகையைச் சுவாசித்த 7 மாலுமிகளை ஹெலிகாப்டரில் மும்பைக்குக் கொண்டு வந்தார்கள். மற்ற அனைவரும் பிழைத்தார்கள். இரண்டு அதிகாரிகளுக்கும் மறைவுக்குப் பின் சௌர்ய சக்ரா விருது வழங்கப்பட்டது.

நீர்மூழ்கியில் இது எழுதி வைத்த நடைமுறை. ஒரு அறையில் தீ என்றால் அந்த அறையைப் பூட்ட வேண்டும். உள்ளே யார் இருக்கிறார்கள் என்பது இரண்டாவது கேள்வி. படிக்கும்போது கொடூரமாகத் தெரியும். ஆனால் அந்தக் கதவை மூடாவிட்டால் மொத்தப் பேரும் போயிருப்பார்கள்.

அன்று மாலையே கடற்படைத் தளபதி அட்மிரல் டி.கே.ஜோஷி தார்மீகப் பொறுப்பேற்று ராஜினாமா செய்தார். பதவிக்காலம் இன்னும் ஒரு வருஷத்துக்கும் மேல் இருந்தது. விபத்துக்குப் பொறுப்பேற்றுப் பதவி விலகிய முதல் இந்தியக் கடற்படைத் தளபதி அவர்தான். அரசு அதே நாளில் ஏற்றுக்கொண்டது. பிறகு கொடுத்த பேட்டியில் அவர் சொன்னதன் சாரம் இதுதான்: பொறுப்பு ஒரு இடத்தில் இருக்கிறது, செலவு செய்யும் அதிகாரம் வேறொரு இடத்தில் இருக்கிறது. கப்பலைப் பழுது பார்க்கவும் பாட்டரி மாற்றவும் ஒப்புதல் தருபவர்கள், விபத்து நடந்தால் பதில் சொல்ல வேண்டியவர்கள் இல்லை. அன்றைக்கு ராஜினாமாவைப் பாராட்டிப் பேசிய அளவுக்கு, இந்தக் குற்றச்சாட்டை யாரும் பேசவில்லை.

குர்ஸ்க்: 45 வருஷம் முன்னாடியே எழுதப்பட்ட பாடம்

2000 ஆகஸ்ட் 12. குர்ஸ்க், ரஷ்யாவின் பெருமைக்குரிய அணுசக்தி நீர்மூழ்கி. பெரிய பயிற்சி ஒன்றின் பகுதியாக ஒரு பயிற்சி டார்பிடோவை ஏவத் தயாரானார்கள். வெடிகுண்டு இல்லாத டார்பிடோ. ஆனால் அதன் எரிபொருளில் அடர் ஹைட்ரஜன் பெராக்சைடு இருந்தது. மருந்துக்கடையில் காயம் கழுவ வாங்குவோமே, அதே பொருள்தான், பல மடங்கு அடர்த்தியில். அது கசிந்து செம்பு, பித்தளை போன்ற உலோகத்தைத் தொட்டால் நொடியில் நீராவியாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்து பல ஆயிரம் மடங்கு விரியும்.

அதுதான் நடந்தது. முதல் வெடிப்பு. 2 நிமிடம் 15 நொடி கழித்து, அந்தத் தீயில் மற்ற டார்பிடோக்களின் வெடிகுண்டுகள் வெடித்தன. நார்வே நிலநடுக்க ஆய்வுக் கருவிகளில் பதிவாகும் அளவுக்கு.

பெரும்பாலானவர்கள் உடனே இறந்துவிட்டார்கள். ஆனால் பின்கோடியில் இருந்த 9-வது அறையில் 23 பேர் உயிரோடு இருந்தார்கள். கேப்டன்-லெப்டினன்ட் டிமிட்ரி கொலெஸ்னிகோவ் இருட்டிலேயே, கையால் தடவித் தடவி, அங்கே யார் யார் இருக்கிறார்கள் என்று பட்டியல் எழுதி வைத்தார். பிறகு அவர் உடலில் அந்தக் காகிதம் கிடைத்தது. அது கிடைக்காமல் இருந்திருந்தால், அனைவரும் ஒரே நொடியில் இறந்துவிட்டார்கள் என்றே உலகம் நம்பியிருக்கும். ஆக்சிஜன் தயாரிக்கும் ரசாயனத் தட்டு எண்ணெய் கலந்த நீரில் பட்டுத் தீப்பற்றியதில் அவர்கள் முடிவும் வந்தது.

கிடந்தது வெறும் 108 மீட்டர் ஆழத்தில். கப்பலின் நீளமே 150 மீட்டருக்கு மேல். வெளிநாட்டு உதவியை ஏற்க ரஷ்யா நாட்களைக் கடத்தியது. அதிபர் புதின் அப்போது கருங்கடல் கரையில் சோச்சியில் விடுமுறையில் இருந்தார். கடைசியில் நார்வே முக்குளிப்பவர்கள் ஆகஸ்ட் 21-ம் தேதி பின்பக்க மூடியைத் திறந்தபோது உள்ளே தண்ணீர்தான் இருந்தது.

சரி, 45 வருஷம்னு தலைப்பில் சொன்னது என்ன கணக்கு? 1955 ஜூன் 16-ம் தேதி இங்கிலாந்தின் போர்ட்லேண்ட் துறைமுகத்தில் எச்எம்எஸ் சைடன் நீர்மூழ்கியில் இதே பெராக்சைடு எரிபொருள் கொண்ட டார்பிடோ வெடித்தது. 12 மாலுமிகள் இறந்தார்கள். அவர்களைக் காப்பாற்றப் பக்கத்துக் கப்பலிலிருந்து உள்ளே இறங்கிய ஒரு மருத்துவரும் இறந்தார். பிரிட்டன் அந்த டார்பிடோ திட்டத்தையே கைவிட்டது. சோவியத் யூனியன் தன் டார்பிடோக்களில் அந்த எரிபொருளைத் தொடர்ந்து பயன்படுத்தியது, ரஷ்யாவும் தொடர்ந்தது. ஒரு நாட்டுக்காரன் 13 உயிர் கொடுத்துப் படித்ததை, இன்னொரு நாடு 118 உயிர் கொடுத்துப் படித்தது.

தண்ணீருக்குள் போனவர்களோடு பேசவே முடியாதா?

நிறைய பேர் கேட்கும் கேள்வி இது. முழுசா முங்கியிருக்கும் நீர்மூழ்கி நம்மிடம் பேசாது. சாதாரண ரேடியோ அலை கடல்நீருக்குள் போகாது. மிகக் குறைந்த அதிர்வெண் அலை மட்டும் சில பத்து மீட்டர் ஆழம் வரை இறங்கும். அதை அனுப்பவே பிரம்மாண்டமான ஆன்டெனா வேண்டும். அப்படிப்பட்ட நிலையம் ஒன்று நம்ம நெல்லை மாவட்டம் விஜயநாராயணத்தில் இருக்கிறது, ஐஎன்எஸ் கட்டபொம்மன். அந்த வழியாகப் போனவர்கள் உயர உயரமான கோபுரங்களைப் பார்த்திருப்பீர்கள். அது ஒருவழித் தகவல்தான். நீர்மூழ்கி கேட்கும், பதில் சொல்லாது. பதில் சொல்ல வேண்டுமானால் மேலே வர வேண்டும்.

அதனால் ஒரு நீர்மூழ்கி அமைதியாக இருந்தால், அது ஒழுங்காக வேலை செய்கிறதா, அடியில் கிடக்கிறதா என்று கரையில் இருப்பவர்களுக்கு உடனே தெரியாது. பேச வேண்டிய நேரம் கடந்த பிறகுதான் சந்தேகம் வரும். அதற்குள் மணி நேரங்கள் போயிருக்கும்.

இந்தோனேசியாவின் நங்காலா-402 விஷயத்தில் நடந்தது இதுதான். 2021 ஏப்ரல் 21, பாலி தீவுக்கு வடக்கே, டார்பிடோ பயிற்சி. 53 பேர். ஆக்சிஜன் மூன்று நாளைக்குத்தான் என்றார்கள். உலகமே மணிக்கணக்கு எண்ணிக்கொண்டிருந்தது. நம் கடற்படையும் விசாகப்பட்டினத்திலிருந்து தன் ஆழ்கடல் மீட்பு வாகனத்தைக் கப்பலில் ஏற்றி அனுப்பியது. அது போய்ச் சேர்வதற்குள், 838 மீட்டர் ஆழத்தில் மூன்று துண்டாகக் கிடந்தது கண்டுபிடிக்கப்பட்டது. மாலுமிகள் கிட்டாரோடு விடைபெறும் பாட்டு ஒன்றைப் பாடிய பழைய வீடியோ அப்போது வாட்ஸ்அப் முழுக்கச் சுற்றியது. நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

அந்த மீட்பு வாகனம் நம்மிடம் வந்ததே 2018 டிசம்பரில்தான். 650 மீட்டர் ஆழம் வரை இறங்கி, கிடக்கும் நீர்மூழ்கியின் மூடியோடு ஒட்டிக்கொண்டு ஆட்களை ஏற்றிவரும். மும்பைக்கு ஒன்று, விசாகப்பட்டினத்துக்கு ஒன்று. அதற்கு முன்பு? அவசரம் என்றால் அமெரிக்கக் கடற்படை விமானத்தில் கொண்டு வந்து இறக்கும் என்ற ஒப்பந்தத்தை நம்பித்தான் நம் மாலுமிகள் பல ஆண்டுகள் முங்கினார்கள். இந்த வாகனத்தைச் சுமந்து செல்வதற்கென்றே கட்டப்பட்ட ஐஎன்எஸ் நிஸ்தார் 2025 ஜூலை 18-ம் தேதிதான் விசாகப்பட்டினத்தில் கடற்படையில் சேர்ந்தது.

தீயை அணைத்த தண்ணீரே கவிழ்க்குமா?

கவிழ்க்கும். 2024 ஜூலை 21-ம் தேதி மாலை, மும்பை தளத்தில் பராமரிப்புப் பணியில் இருந்த ஐஎன்எஸ் பிரம்மபுத்ராவில் தீ. மறுநாள் காலைக்குள் கட்டுக்குள் வந்துவிட்டது. எல்லோரும் நிம்மதியானார்கள். மதியத்துக்கு மேல் கப்பல் மெல்ல ஒருபக்கம் சாயத் தொடங்கியது. எவ்வளவோ முயன்றும் நிமிரவில்லை. 2000-ம் ஆண்டு முதல் சேவையில் இருக்கும் ஏவுகணைக் கப்பல், துறைமுகத்திலேயே பக்கவாட்டில் படுத்துக்கொண்டது. காணாமல் போன ஒரு மாலுமியின் உடல் இரண்டு நாள் கழித்துக் கிடைத்தது.

ஒரு அகலமான தாம்பாளத்தில் பாதி தண்ணீர் ஊற்றி, அதைத் தூக்கிக்கொண்டு நடந்து பாருங்கள். லேசாகச் சாய்த்தால் போதும், தண்ணீர் முழுக்க அந்தப் பக்கமே ஓடி, தட்டை இன்னும் சாய்க்கும். கப்பலின் மேல் தளங்களில் தேங்கும் தீயணைப்புத் தண்ணீரும் அப்படித்தான். நியூயார்க்கில் 1942 பிப்ரவரியில் நார்மண்டி என்ற பிரம்மாண்டமான பயணிகள் கப்பலைப் படைக்கப்பலாக மாற்றும்போது தீப்பிடித்து, ஊற்றிய தண்ணீரின் எடையிலேயே அது கவிழ்ந்தது. 2011 ஜனவரியில் மும்பையில் சரக்குக் கப்பலோடு மோதிய நம் ஐஎன்எஸ் விந்தியகிரியும் தீயணைப்புக்குப் பிறகு கரையிலேயே மூழ்கியது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பராமரிப்பில் இருக்கும் கப்பல்தான் அதிக ஆபத்தானது. வெல்டிங் நடக்கும். கேபிள் இழுப்பதற்காக, மூடியிருக்க வேண்டிய கதவுகள் திறந்திருக்கும். தானியங்கித் தீயணைப்பு நிறுத்தப்பட்டிருக்கும். கப்பலை நன்கு தெரிந்த மாலுமிகள் பாதிப்பேர் விடுப்பில் இருப்பார்கள். அமெரிக்காவின் பான்ஹோம் ரிச்சர்ட் 2020 ஜூலையில் சான்டியாகோவில் இப்படித்தான் நான்கு நாளுக்கும் மேல் எரிந்து, கடைசியில் பழைய இரும்பாக விற்கப்பட்டது. பணக்காரக் கடற்படை, ஏழைக் கடற்படை என்ற வித்தியாசமெல்லாம் இதில் இல்லை.

அட்மிரல் சொன்னா, மறுத்துப் பேசலாமா?

இயந்திரக் கோளாறு போதும், மனிதர்களிடம் வருவோம். கடற்படைக் கல்லூரிகளில் இன்றைக்கும் பேசப்படும் ஒரு விபத்து இருக்கிறது. 1893 ஜூன் 22, இன்றைய லெபனான் நாட்டின் திரிப்போலி அருகே. நல்ல வெளிச்சம், அமைதியான கடல், பிரிட்டிஷ் மத்தியதரைக்கடல் படை. எதிரி இல்லை, புயல் இல்லை.

தளபதி சர் ஜார்ஜ் ட்ரையான், படையை இரண்டு வரிசையாகப் பிரித்து ஓட்டிக்கொண்டிருந்தார். இரண்டு வரிசைகளும் ஒன்றை நோக்கி ஒன்று உள்பக்கமாகத் திரும்பி, வந்த வழியே போக வேண்டும் என்று உத்தரவு. இரண்டு வரிசைக்கும் நடுவே தூரம் 6 கேபிள், நம் கணக்கில் சுமார் 1,100 மீட்டர். ஆனால் அந்தக் கப்பல் ஒன்று திரும்பவே கிட்டத்தட்ட 730 மீட்டர் வேண்டும். இரண்டு கப்பலுக்கு 1,460. பள்ளிக்கூடக் கணக்குதான். பாலத்தில் நின்ற அதிகாரி, குறைந்தது 8 கேபிளாவது வேண்டும் என்று சொன்னார். ட்ரையான் ஆமாம் என்றார், ஆனால் கொடி ஏற்றியது 6-க்குத்தான். சந்தேகப்பட்டு மீண்டும் கேட்டார்கள். 6 தான் என்றார்.

அடுத்த வரிசையின் தலைமைக் கப்பல் கேம்பர்டவுன். அதில் இருந்த ரியர் அட்மிரல் மார்க்கம், இது முடியாத காரியம் என்று தயங்கி, பதில் கொடியை முழுசா ஏற்றாமல் நிறுத்தினார். எதற்காகக் காத்திருக்கிறாய் என்று ட்ரையானிடமிருந்து சமிக்ஞை, மொத்தப் படையும் பார்க்க. அவ்வளவுதான், மார்க்கம் திரும்பினார். கேம்பர்டவுனின் மூக்கு, ட்ரையானின் விக்டோரியாவைக் குத்தியது. சுமார் 13 நிமிடத்தில் விக்டோரியா மூழ்கியது. 358 பேர் இறந்தார்கள், ட்ரையான் உட்பட. தவறு முழுக்கத் தன்னுடையதுதான் என்று அவர் கடைசியில் சொன்னதாக உயிர் தப்பியவர்கள் சாட்சி சொன்னார்கள். தப்பியவர்களில் ஒருவர், காய்ச்சலில் படுத்திருந்த ஜெல்லிக்கோ. 1916 ஜட்லாண்ட் போரில் பிரிட்டிஷ் படையை நடத்தியவர் அவர்தான்.

வேடிக்கை என்னவென்றால், கீழ் அதிகாரிகள் சொந்த புத்தியைப் பயன்படுத்த வேண்டும் என்று அந்தக் காலக் கடற்படையில் அதிகமாக வலியுறுத்தியவரே இந்த ட்ரையான்தான்! மால்டாவில் நடந்த ராணுவ விசாரணை, குற்றம் ட்ரையானுடையது என்றது. மார்க்கம் தன் சந்தேகத்தைக் கேட்டிருக்கலாமே என்று வருத்தப்பட்டது. அதே மூச்சில், மேலதிகாரியின் உத்தரவை நிறைவேற்றியதற்காக ஒருவரைக் குறை சொன்னால் படைக்கே ஆபத்து என்றும் சொன்னது. கேட்டிருக்க வேண்டும், ஆனால் கேட்காதது தப்பில்லை! இந்த முடிச்சு 130 ஆண்டுகள் கழிந்தும் முழுசா அவிழவில்லை.

தூக்கமும் ஒரு பாதுகாப்புக் கருவி

2017-ல் அமெரிக்காவின் ஏழாவது படைப்பிரிவில் இரண்டே மாதத்தில் இரண்டு மோதல். ஜூன் 17, ஜப்பான் அருகே ஃபிட்ஸ்ஜெரால்ட், 7 பேர். ஆகஸ்ட் 21, சிங்கப்பூர் அருகே ஜான் மெக்கெயின், 10 பேர். இறந்தவர்கள் தூங்கும் அறைகளில் இருந்தவர்கள். உலகின் நம்பர் ஒன் கடற்படை, ரேடார், செயற்கைக்கோள் எல்லாம் உண்டு. ஆனாலும் எதிரே வந்த மெதுவான சரக்குக் கப்பலோடு மோதியது.

காரணம் தேடினால், பயிற்சி குறைவு, தூக்கம் குறைவு. மாலுமிகள் வாரத்துக்கு 100 மணி நேரத்துக்கும் மேல் வேலை பார்ப்பதாக அந்நாட்டு நாடாளுமன்றத் தணிக்கை அமைப்பு மோதலுக்கு முன்பே எச்சரித்திருந்தது. மெக்கெயினில் இன்னொரு கூத்து: வேகத்தையும் திசையையும் தொடுதிரையில் மாற்றும் வசதி. எந்தத் திரையில் எந்தக் கட்டுப்பாடு இருக்கிறது என்பதே குழம்பிப்போனது. பிறகு பழையபடி கைப்பிடியே போதும் என்று முடிவு செய்தார்கள்.

அமெரிக்கா அந்த அறிக்கையை நான்கைந்து மாதத்துக்குள் பொதுவெளியில் வைத்தது. யார் எந்த நிமிடம் என்ன செய்தார்கள் என்பது வரை. படைப்பிரிவின் தளபதி உட்படப் பலர் பதவி இழந்தார்கள்.

அமெரிக்காவுக்கு இந்தப் பழக்கம் வந்ததும் ஒரு சாவிலிருந்துதான். 1963 ஏப்ரல் 10-ம் தேதி த்ரெஷர் அணு நீர்மூழ்கி ஆழ்சோதனையில் 129 பேருடன் போனது. குழாய் இணைப்பு ஒன்று விட்டு நீர் பீறிட்டு, அணு உலை நின்று, மேலே தூக்கும் காற்று அமைப்பும் பனி உறைந்து அடைத்துக்கொண்டது என்பது விசாரணையின் கணிப்பு. அதே ஆண்டே ஒரு திட்டம் கொண்டு வந்தார்கள். கடல்நீரைத் தடுக்கும் ஒவ்வொரு குழாய்க்கும், ஒவ்வொரு வெல்டுக்கும், அது எங்கே செய்தது, யார் சோதித்தது என்று காகித ஆதாரம் இருக்க வேண்டும். காகிதம் இல்லையென்றால் முங்கக் கூடாது. 1915 முதல் 1963 வரை போர் அல்லாத காரணங்களால் அமெரிக்கா இழந்த நீர்மூழ்கிகள் 16. அதற்குப் பிறகு இழந்தது ஒன்றே ஒன்று, 1968-ல் 99 பேருடன் ஸ்கார்பியன். அதற்கு அந்தச் சான்றிதழ் தரப்பட்டிருக்கவில்லை.

நம்ம ஊர்ல விசாரணை அறிக்கை எங்கே?

விபத்து நடந்தால் கடற்படை விசாரணைக் குழு அமைக்கும். அது உறுதி. ஆனால் அந்த அறிக்கை பொதுமக்களுக்கு வெளியாவதில்லை. ஆயுத ரகசியம் இருக்கிறது என்பது ஒரு நியாயம், மறுக்க முடியாது. ஆனால் டார்பிடோவின் ரகசியத்தை மறைத்துவிட்டு, மாலுமி எத்தனை மணி நேரம் தூங்கினார் என்பதை வெளியிட முடியாதா என்ன?

நமக்குத் தெரிந்த கொஞ்சமும் சிஏஜி எனப்படும் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் மூலமாக வந்ததுதான். 2017 ஜூலையில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட அறிக்கை அது. 2007-08 முதல் 2015-16 வரை 38 விபத்துகள், 33 உயிரிழப்பு. இதில் தீ, வெடிப்பு, நீர் புகுதல் வகைதான் அதிகம். பாதுகாப்புக்கென்று 2014-ல் கடற்படை ஒரு தனி அமைப்பை உருவாக்கியும், அறிக்கை எழுதும்வரை அதற்கு அரசின் ஒப்புதல் கிடைக்கவில்லை.

சிந்துரக்ஷக் பற்றியும் அதில் இருக்கிறது. அந்த நீர்மூழ்கியில் ஆயுட்காலம் முடியும் நிலையில் இருந்த வெடிபொருட்கள் இருந்தன. மாலுமிகளின் களைப்பு சரியாகக் கணக்கில் எடுக்கப்படவில்லை. போதிய ஓய்வின்றிப் பணிக்கு அனுப்பப்பட்டார்கள். ஃபிட்ஸ்ஜெரால்ட் கதையும் இதுவும் எவ்வளவு பொருந்துகிறது பாருங்கள்.

அறிக்கைக்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டதா என்றால், 2022 ஜனவரி 18-ம் தேதி ஐஎன்எஸ் ரன்வீரில் வெடிப்பு, 3 மாலுமிகள். பிறகு பிரம்மபுத்ரா. 2024 டிசம்பர் 18-ம் தேதி நடந்தது இன்னும் வேறு மாதிரி. என்ஜின் சோதனை ஓட்டத்தில் இருந்த கடற்படையின் அதிவேகப் படகு கட்டுப்பாடு இழந்து, கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து எலிபெண்டா தீவுக்குக் கிளம்பிய நீல் கமல் பயணிகள் படகில் மோதியது. 15 பேர் இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் குகை பார்க்கக் கிளம்பிய சுற்றுலாப் பயணிகள். சீருடை போட்டவர்களின் ஆபத்து என்று ஒதுக்கிவைக்கவும் இனி முடியாது. சுற்றுலாப் படகுகள் ஓடும் நேரத்தில், அதே பாதையில் சோதனை ஓட்டத்துக்கு எப்படி அனுமதி கொடுத்தார்கள் என்பது எளிய கேள்வி.

சிந்துரக்ஷக்கின் கடைசிக் கதை: 2014 ஜூனில் அமெரிக்க நிறுவனம் ஒன்று அதைத் தூக்கி வெளியே எடுத்தது. சரிசெய்ய முடியாத நிலை. சில காலம் கமாண்டோ வீரர்களின் பயிற்சிக்குப் பயன்பட்டது. பிறகு 2017 ஜூனில் அரபிக்கடலின் ஆழமான பகுதிக்கு இழுத்துச் சென்று மூழ்கடித்துவிட்டார்கள். சிஏஜி அறிக்கை நாடாளுமன்றத்துக்கு வந்தது அதற்கு அடுத்த மாதம்.